எல்லை கடந்து வரும் உதவி



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கூத்தாநல்லூரைச் சுற்றிலும் சம்பாப் பயிர் பசுமையாக நிற்கும். வங்கக் கடலில் புயல் உருவாவதும் அக்காலத்திலேயே. அப்புயலுக்கு அரசுகளின் எல்லை தெரியாது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், இலங்கையின் வட பகுதியையும் தாக்கியே வந்தது. துன்பம் இரு கரைக்கும் பொதுவென்றால், உதவியும் எல்லையைக் கடந்து செல்லலாகாதா?

கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரமே உண்டு. ஹெலிகாப்டர் அதனைச் சுமார் இருபது நிமிடங்களில் கடந்துவிடும். அதற்கு ஓடுபாதை வேண்டுவதில்லை. வெள்ளம் சூழ்ந்த கூரையின் மேல் அசையாது நின்று, கயிற்றை இறக்கி மனிதரைத் தூக்கிவிடும். 1945-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் கரையருகே, புயலிற் சிக்கிய எண்ணெய்ப் படகிலிருந்து இருவரை இவ்வாறு தூக்கி மீட்டார்கள். 1957-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, பிரின்ஸ்டன் என்னும் அமெரிக்கக் கப்பலின் ஹெலிகாப்டர்கள் வந்து உதவின.

ஆனால், பிறநாட்டு வானில் பறப்பதற்கு இயந்திரம் மட்டும் போதாது. அந்நாட்டின் இசைவும் வேண்டும். இதனை விளக்க, நமக்கு அருகிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1987-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், போரால் வாடிய யாழ்ப்பாண மக்களுக்கென இராமேசுவரத்திலிருந்து உணவுப் பொருள்களோடு படகுகள் சென்றன. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள், போர் விமானங்களின் காவலோடு சென்று, உணவு மூட்டைகளை வானிலிருந்து இறக்கின. அந்நடவடிக்கைக்குப் 'பூமாலை' என்று பெயர். பசித்தவருக்கு அது உணவு. இலங்கை அரசுக்கோ தன் இறையாண்மையை மீறிய செயல். அவ்வரசு வன்மையாகக் கண்டித்தது. ஒரே மூட்டை, இருவர் கண்களுக்கு இரு வேறாகத் தோன்றியது.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஆழிப்பேரலை வந்தது. நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தன் கரையிலேயே பிணங்கள் கிடந்த அந்நாளில், இந்தியா இலங்கைக்கும் கப்பல்களையும் ஹெலிகாப்டர்களையும் அனுப்பியது. இம்முறை அவை இலங்கையின் இசைவோடு சென்றன. ஆகவே எதிர்ப்புக்கு இடமில்லாமற் போயிற்று.

கடலில் விபத்து நேர்ந்தால் பிறநாட்டு மீட்புக் குழுக்களை உடனே தம் எல்லைக்குள் அனுமதிக்க வேண்டும் என்பது, 1979-ஆம் ஆண்டின் கடல் தேடல் மீட்பு உடன்படிக்கை நாடுகளுக்குக் கூறும் அறிவுரை. அந்தந்த நாட்டின் சட்டங்களுக்கு உட்பட்டே இது நடைபெறும். துன்பம் வந்தபின் அனுமதி தேடினால் காலம் வீணாகும் என்பதே இதன் கருத்து.

2025-ஆம் ஆண்டு நவம்பரில் 'தித்வா' புயல் இலங்கையைச் சூறையாடியது. கடற்படை விழாவுக்காகக் கொழும்பு சென்றிருந்த விக்ராந்த் கப்பலின் ஹெலிகாப்டர்கள் மீட்புப் பணியில் இறங்கின. இந்திய விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் சென்று, வெள்ளத்தில் அகப்பட்டோரை வெளியேற்றின. அதே புயல் பின்னர் நம் பக்கம் திரும்பி, கழனிகளில் வெள்ளத்தைத் தேக்கிப் பயிரை மூழ்கடித்தது. ஒரே காற்றால் இரு கரையும் துன்புற்றன.

1987-இலும் 2025-இலும் கடல் ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். மாறியது இரு அரசுகளுக்கிடையே நிலவிய நம்பிக்கை. ஆபத்து வேளையில் அண்டை வீட்டார் கதவைத் தட்டாமல் உள்ளே வரலாம் என்றால், அதற்கு முன் பல நாட்கள் நல்லுறவோடு பழகியிருக்க வேண்டும். நாடுகளுக்கும் இதுவே பொருந்தும். நாளை விமானிகளாகவும் அதிகாரிகளாகவும் விளங்கப்போகும் நீங்கள், ஹெலிகாப்டரைச் செலுத்தும் கலையோடு, அந்த நம்பிக்கையை அமைதிக் காலத்திலேயே வளர்க்கும் கலையையும் கற்றுக்கொள்ளுங்கள்.