தோட்டாவுக்குக் கொழுப்பு ஏன்?



1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பாடம் நடத்தும்போது, பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்று சொல்லி மேலே செல்வது ஆசிரியர் வழக்கம். ஒரு நாள் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு?" என்று வினவினான். நான் விழித்தேன். அவ்வினாவுக்கு அக்காலத் துப்பாக்கியே விடை கூறும்.

அது 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி. குழலின் நீளம் 39 அங்குலம், உள்விட்டம் 0.577 அங்குலம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்பழந்துப்பாக்கிகளைச் செப்பனிட்டுச் சுடுவோர் இன்றும் உளர். அவர்கள் முதலில் கெட்டிக்கும் கோலைக் குழலுள் விட்டு ஆழம் பார்ப்பார்கள். என்றோ கெட்டித்த மருந்து இன்னும் உள்ளே இருக்கக்கூடும் அல்லவா? பின்பு எண்ணெயிட்டுத் துருவை மெல்ல நீக்குவார்கள். பழைய முத்திரைகளைத் தேய்த்து அழிக்கமாட்டார்கள். பளபளப்பாக்குவதே செப்பனிடுதல் என்று எண்ணுவது பேதைமை. குழலில் வெடிப்போ அரிப்போ இல்லையென்று வல்லுநர் சோதித்துச் சொன்ன பிறகே சுடுவார்கள்.

சுடும் முறை இது: காகிதத் தோட்டாவைக் கிழித்து, ஏறக்குறைய நாலரை கிராம் கரிமருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டவேண்டும். காகிதம் சுற்றிய ஈயக் குண்டை அதன்மேல் கோலால் செலுத்தவேண்டும். கேப்பை வைத்துக் குதிரையை இழுத்து விசையை அழுத்தினால் மருந்து வெடிக்கும். குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. ஆதலால் எளிதில் இறங்கும். வெடிக்கும்போது அதன் குழிந்த அடிப்பாகம் விரிந்து, குழலின் உட்புறத்துள்ள மூன்று திருகு பள்ளங்களையும் பற்றிக்கொண்டு சுழன்று செல்லும்.

கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் திடக் கழிவாக எஞ்சும். சில முறை சுட்டதும் அது குழலுள் இறுகிப் படியும். கொழுப்பில்லாத குண்டு பாதி வழியில் சிக்கும். எவ்வளவு இடித்தாலும் இறங்காது. கொழுப்பு அப்படிவை இளக்கி வைக்கும். கொழுப்பு ஏன் என்பதற்கு விடை இதுதான்.

ஆனால் இன்ன விலங்கின் கொழுப்புத்தான் வேண்டுமென்று துப்பாக்கி கேட்கவில்லை. இன்று சுடுவோர் பலர் தேன்மெழுகு கலந்த மசகையே பயன்படுத்துகின்றனர். விலக்கான கொழுப்புச் சேராதவாறு முன்னெச்சரிக்கை எதுவும் எடுக்கவில்லை என்பதை அக்கால அதிகாரிகளே ஒப்புக்கொண்டனர். இந்த அலட்சியத்தைத்தான் என்னால் மன்னிக்க இயலவில்லை. பயிற்சி விதியோ தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்கச் சொன்னது. இடக்கை துப்பாக்கியைப் பிடித்திருக்கும் அல்லவா?

1857 ஜனவரியில் டம்டம்மில் வதந்தி எழுந்தது. சிப்பாய்கள் தாங்களே விரும்பிய மசகைத் தடவிக்கொள்ளலாம் என்றும், பின்னர் கையாலேயே கிழிக்கலாம் என்றும் அரசாங்கம் இறங்கி வந்தது. இவ்வளவு மாற்றுவானேன் என்று ஐயம்தான் வளர்ந்தது. ஏப்ரல் 24-இல் மீரத்தில் குதிரைப்படை வீரர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களிடம் நீட்டப்பட்டவை அவர்கள் முன்பே பழகிய பழைய வகைத் தோட்டாக்கள்! மே 10-இல் மீரத் கிளர்ந்தெழுந்தது.

குண்டு எளிதில் இறங்கவேண்டுமென்று அதன் பருமனை 1859-இல் குறைத்தார்கள்.