காடு என்ற சொல்

கரிசல் பேச்சில் காடு என்றால் விளைநிலம். 'காட்டுக்குப் போயிருக்காக' என்றால் களையெடுக்கவோ பருத்தியெடுக்கவோ போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். கம்மங்காடு, பருத்திக்காடு, மிளகாய்க்காடு. அகராதி சொல்கிற காடு அழிந்து நெடுங்காலமான பின்னும் அதன் பெயர், அழித்தவர்களின் வாயில் தங்கிவிட்டது. தெலுங்கு தேசத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் காட்டை எரித்து நிலம் திருத்திய கதையைக் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராம'த்தில் (1976) எழுதியிருக்கிறார். நாவல் விரித்துச் சொல்வதை இந்த ஒற்றைச் சொல் சுருக்கி வைத்திருக்கிறது.

சென்ற மாசியில் நாங்கள் ஆறு பேர் கோவில்பட்டிக்குத் தெற்கே குருமலைப் பக்கமாக நடந்தோம். ரஸ்தாவை விட்டு இறங்கியதுமே சீமைக்கருவை. தலைக்குமேல் கவிந்து கிடந்தது. ஒற்றையடித் தடத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிந்ததால் பேச்சு தானாக அற்றுப்போயிற்று. ஓரிடத்தில் முட்களுக்கு நடுவே பழைய வரப்பு ஒன்று நேராக ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கமும் முள், அந்தப் பக்கமும் முள். எதை எதிலிருந்து பிரிக்கிறது என்று தெரியாமல் அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இயற்கை தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்றார் நண்பர் ஒருவர். எனக்கு ஒப்புதலில்லை. தொழில் வந்து காட்டை அழித்தது என்பது நமக்குப் பழகிய சரித்திரம். இங்கே காடு தொழிலுக்குப் பின்னால் வந்திருக்கிறது.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றது. இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறியது. தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகக் கரிசல் மண் உலகச் சந்தையோடு கட்டப்பட்டது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடியபோது கோவில்பட்டி அந்தப் பாதையில் இருந்தது. அதே ஆண்டுதான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கிற்று. பஞ்சம் முடிவதற்குள், ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, விறகுக்கும் வறண்ட நிலத்துக்கும் ஆகுமென்று சீமைக்கருவையை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ரயில், பஞ்சம், முள் மூன்றும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வந்தவை. 1901இல் கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. கருங்கண்ணிப் பருத்தியில் நல்ல ரகம் தேடினார்கள். ஊருக்கு நூற்பாலைகளும் வந்தன. பிறகு ஆலைகள் நீண்ட இழையைக் கேட்டன. கருங்கண்ணிக்கு இழை குட்டை. மானாவாரி கட்டுபடியாகாத வீடுகள் தீப்பெட்டி ஒட்டப் போயின. அந்தத் தொழிலுக்கும் இந்த மண் கொடுத்தது வெயிலையும் மலிந்த கூலியையும்தான். குச்சிக்கான மரம் கேரளத்திலிருந்து வந்தது. சீமைக்கருவை கோணல், இறுகிய மரம், குச்சிக்கு ஆகாது. உழாமல் போட்ட நிலத்தில், ஆடுமாடு தின்று போட்ட நெற்றிலிருந்து அது முளைத்தது. கைவிடப்பட்ட பருத்தியின் மறுபக்கம்தான் நாங்கள் நடந்த காடு.

தடத்தின் முடிவில் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. கட்டைகளை நிறுத்தி அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் பூசி, மூச்சுவிட மட்டும் துளை வைத்து, நாட்கணக்கில் காவல் இருக்க வேண்டும். வெள்ளைப் புகை என்றால் ஈரம் போகிறது. நீலம் பாய்ந்தால் வெந்துவிட்டது. எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். மழை பொய்த்த வருஷங்களில் நிலமற்ற பல குடும்பங்களுக்கு இந்தக் கரிதான் கஞ்சி. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரத்தை அகற்றச் சொன்னது. நிலத்தடி நீர் பற்றி நிறையப் பேசினார்கள். மூட்டத்தருகே விழித்திருப்பவர்கள் அந்தப் பேச்சில் அதிகம் வரவில்லை.

கரிசலைப் பாடும் புதுக்கவிதைகள் பலவற்றில் வறட்சி ஒரு விதியாக வருகிறது. வெயில், வெறுமை, ஒற்றை மரம். அந்த மரம் யார் வரவழைத்தது, அந்த வெறுமையில் போன தலைமுறை எதை விதைத்தது, எந்த ஊர் விலைக்கு விற்றது என்ற கேள்விகளைப் படிமம் விழுங்கிவிடுகிறது. சரித்திரத்தைத் தட்பவெப்பமாக மாற்றிக் காட்டும் கவிதையில் எனக்கு நம்பிக்கையில்லை.

மூட்டத்துக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம், இந்தக் காடு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. "காடு எங்கய்யா இருக்கு? காடு அழிஞ்சுதான இம்புட்டு முள்ளும் வந்துச்சு" என்றார்.