அறியாமைக்குப் பெயர் கற்பா?

"சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவர்!" பள்ளியிலே பாலியற் கல்வி என்ற பேச்சு பிறந்த நாடுகளிலெல்லாம் முதலில் எழுந்த கூக்குரல் இதுதான். பாதிரியார் சொன்னார், பண்டிதர் சொன்னார், சட்டமன்றத்திலே சாய்ந்தமர்ந்த கனவான்களும் சொன்னார்கள். சொல்லிக் கொடுக்காததால் கெட்டவர் எத்தனை பேர் என்று கேட்டவர்கள் மட்டும் மிகச் சிலரே. அந்தச் சிலரிலே ஒருவரான ஒரு மாதின் கதையையும், அவர் வாழ்ந்த சுவீடன் நாடு அக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றையும் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

அதற்குமுன், தோற்றுப்போன முயற்சி ஒன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகளுக்கு 1909இல் தலைமைக் கண்காணிப்பாளரானவர் எல்லா பிளாக் யங் அம்மையார். 1913இல் உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியர் 20,000 பேருக்கும் மேற்பட்டோர்க்கு, மருத்துவர்களைக் கொண்டு உடலைப் பற்றியும் மேகநோய்களைப் பற்றியும் சொற்பொழிவுகள் நடத்தச் செய்தார். கத்தோலிக்கத் திருச்சபையினர் சீறினர். சொற்பொழிவுகளை அச்சிட்டு அனுப்ப முயன்றபோது, 1873ஆம் ஆண்டுக் காம்ஸ்டாக் சட்டத்தைக் காட்டி, 'ஆபாசம்' என்று முத்திரை குத்தி அஞ்சல்துறை மறுத்தது! மருத்துவ அறிவுரை ஆபாசமாயிற்று, திட்டம் கைவிடப்பட்டது. வெளியிலிருந்து மருத்துவர் வந்தார், பேசினார், சென்றார். பள்ளிக்குள்ளே அதைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை.

சுவீடன் கதை வேறு. ஆனால் அங்கும் தொடக்கம் இருட்டுதான். 1910இல் அந்நாடு ஒரு சட்டம் செய்தது. கருத்தடைச் சாதனத்தை விற்பது குற்றமன்று. அதைப்பற்றிப் பொதுமக்களிடம் எடுத்துச் சொல்வதுதான் குற்றம்! ஹின்கே பெர்கெகிரேன் என்ற சோசலிசவாதி 'பிள்ளையில்லாக் காதல்' என்று மேடையேறிப் பேசியதால் மேலோர் நடுங்கிச் செய்த சட்டமாகையால், மக்கள் அதற்கு அவர் பெயரையே சூட்டினர். கடையிலே பொருள் இருக்கலாம், வாயிலே சொல் இருக்கக் கூடாது என்னும் இந்த விந்தை நீதியால் நைந்தவர் யார்? பணம் படைத்தவள் தன் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டாள். ஆண்டுக்கொரு பிள்ளை பெற்று அலுத்த தொழிலாளியின் மனைவி எவரிடம் கேட்பாள்?

அவளிடம் தேடிச் சென்று பேசியவர்தான் எலிசே ஒட்டசன் யென்சன். 1886இல் நார்வே நாட்டில் ஒரு பாதிரியாரின் மகளாய்ப் பிறந்தார். அந்த வீட்டிலே பிள்ளைகள் பதினெண்மர், இவர் பதினேழாமவர். பல் மருத்துவராக விரும்பினார். வெடிவிபத்திலே கைவிரல்கள் சிதைந்ததால் அவ்வெண்ணம் பாழாயிற்று. பேனாவைப் பிடித்தார். அவருடைய தங்கை மணமாகாமல் கருவுற்றாள். பாதிரியார் வீட்டுக்கு அவமானமாம்! ஊரறியாமல் டென்மார்க்குக்கு அனுப்பினர். பெற்ற குழந்தையைப் பிரித்துக் கொடுக்கச் செய்தனர். தன் உடலில் நடப்பது என்னவென்றே அறியாமல் அஞ்சி நடுங்கிய அப்பெண் அந்தத் துயரிலிருந்து மீளவேயில்லை. அக்குடும்பத்திலே ஒழுக்கத்திற்குக் குறைவிருந்ததா? பக்திக்குக் குறைவிருந்ததா? வேதநூலுக்கும் பஞ்சமில்லை. குறைவாக இருந்தது அறிவு ஒன்றே!

சுவீடனிற் குடியேறிய ஒட்டசன் யென்சன், 1920களிலிருந்து வடகோடிவரை ஊர் ஊராய்ச் சென்று பேசினார். மரம்வெட்டிகளிடமும் சுரங்கத் தொழிலாளரின் மனைவியரிடமும், சட்டம் தடுத்ததையெல்லாம் எடுத்துரைத்தார். 1933இல் முற்போக்கு மருத்துவர்களும் தொழிற்சங்கத்தாரும் துணைநிற்க, பாலியற் கல்விக்கென ஒரு தேசியச் சங்கம் கண்டு, 1956வரை அதன் தலைவராய் இருந்தார். பள்ளியிலே பாடம் வேண்டும், 1910 சட்டம் ஒழிய வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகளிலே முதன்மையானவை. சட்டம் 1938இல் ஒழிந்தது. 1952இல் பம்பாய் மாநகரிற் கூடிய மாநாட்டில், மார்கரெட் சாங்கரையும் தன்வந்தி ராமராவையும் தலைவர்களாய்க் கொண்டு சர்வதேசக் குடும்பத்திட்டச் சம்மேளனம் பிறந்ததே, அதை நிறுவியோருள்ளும் இவர் ஒருவர். 1959இல் அதன் தலைவருமானார்.

அரசு எப்படி இசைந்தது? பெண்களின் கண்ணீரைக் கண்டு உருகியா? அவ்வளவு விரைவில் அரசுகள் உருகுவதில்லை. 1930களிலே சுவீடனின் பிறப்பு விகிதம் வீழ்ந்தது. மக்கட்தொகை குறைகிறதே என்ற கவலையில் 1935இல் ஆணையம் ஒன்று அமைத்தனர். விரும்பிப் பெறும் பிள்ளைகளே நாட்டுக்கு நலம் தருவர், அதற்கு அறிவு வேண்டும், ஆகவே பள்ளியிலே கற்பியுங்கள் என்று ஆணையம் உரைத்தது. இங்கே இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அதே காலத்தில், 1934இல், 'தகுதியற்றோர்' எனச் சிலரைக் குறித்து மலடாக்க வழிசெய்யும் சட்டத்தையும் அதே நாடு இயற்றியது. 1970களின் நடுப்பகுதிவரை அக்கொடுமை நீடித்தது. ஆகவே சுவீடனைத் தேவலோகமாக எண்ணிக் கைகூப்ப வேண்டியதில்லை. செய்ததைப் பார்ப்போம், தவறியதையும் பார்ப்போம்.

1942இல் அரசு பரிந்துரைத்தது. 1945இல் ஆசிரியர்க்குக் கைநூல் வந்தது. 1955இல் பாலியற் கல்வி கட்டாயமாயிற்று — உலகிலேயே முதன்முதலாக! பரிந்துரைக்கும் கட்டாயத்திற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள். சிகாகோவைப் போல் வெளியாரை நம்பவில்லை. பாடம் வகுப்பாசிரியரின் கடமையாயிற்று. தனிப் பாடமாக ஒதுக்காமல் உயிரியல் போன்ற பாடங்களோடு இணைத்தனர். சிறுவர்க்குக் குழந்தை எங்கிருந்து வருகிறது என்பது. வளர்ந்தோர்க்குப் பருவ மாற்றம். பின்னர் நோயும் பொறுப்பும் என வயதுக்கேற்ற படிகள் வகுத்தனர்.

எனினும் 1956ஆம் ஆண்டுக் கைநூலிலே பழமை பதுங்கியிருந்தது. இளமையிலே புலனடக்கம் ஒன்றே வழி என்று ஆசிரியர் அறிவுறுத்த வேண்டுமென அது விதித்தது. அறிவைக் கொடுக்க வந்த ஏடு உபதேசத்தில் இறங்கிற்று! இளைஞர்கள் எதிர்த்தனர். மறுபுறம், ஒழுக்கம் சீர்குலைகிறது என்று 1964இல் மருத்துவர் 140 பேர் அரசுக்கு விண்ணப்பித்தனர். இருசாராரும் உரத்துப் பேசினர். சான்று எவரிடமும் போதவில்லை. அவ்வாண்டே அரசு ஒரு குழு அமைத்தது. 1967இல் அக்குழுவிற்காக, வயதுவந்த மக்களிடையே பாலியல் வாழ்வுபற்றி நாடு தழுவிய கணக்கெடுப்பு நடந்தது. மிகப் பெரும்பாலோர் மணத்திற்கு முன்னரே உறவு கொண்டவர் எனத் தெரிந்தது. "பார்த்தீர்களா, பள்ளிப் பாடத்தின் விளைவை!" என்று பழமைவாதி பாய்ந்திருக்கலாம். ஆனால் விடையளித்தவர்களிலே பெரும்பகுதியினர், பாடம் கட்டாயமாகுமுன்பே பள்ளியைவிட்டு வெளியேறியவர்கள்! பாடம் அவர்களைக் கெடுக்கவில்லை. உபதேசம் அவர்களைத் தடுக்கவுமில்லை. குழுவின் அறிக்கை 1974இல் வந்தது. புதிய கைநூல் 1977இல். ஒழுக்க விதியைத் திணிப்பதைவிட, சிந்தித்து முடிவெடுக்கப் பயிற்றுவது மேல் என்று பாதை திரும்பியது.

கணக்கெடுப்பு ஒருவகை அளவுகோல். அதனினும் கூரியது ஒன்றுண்டு. 1996இல் அமெரிக்கா, மணம்வரை விலகியிரு என்று மட்டும் போதிக்கும் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. பலன் உண்டா எனப் பார்க்கும் பொறுப்பு மேத்தமாட்டிக்கா ஆய்வு நிறுவனத்திடம் தரப்பட்டது. நான்கு இடங்களில் 2,057 மாணவர்களைக் குலுக்கல் முறையிலே பிரித்தனர்: 1,209 பேருக்குப் போதனை, 848 பேருக்கு இல்லை. குலுக்கிப் பிரித்ததால் இருசாராரும் குடும்பம், வசதி, இயல்பு அனைத்திலும் ஏறக்குறைய ஒத்தவர்கள். பின்னர் தோன்றும் வேறுபாடு போதனையால் விளைந்ததே என்று துணிந்து கூறலாம். நான்கு முதல் ஆறு ஆண்டுகள் காத்திருந்தனர். 2007இல் முடிவு வெளிவந்தது. விலகியிருந்தோர் போதனை பெற்றவர்களிலே 49 சதவீதம். பெறாதவர்களிலும் 49 சதவீதம்! உறவு தொடங்கிய சராசரி வயது இங்கும் 14.9, அங்கும் 14.9. கோடிகள் கரைந்தன, எண்கள் அசையவில்லை. அப்படியும் 2010இல் அதே திட்டத்திற்கு மீண்டும் பணம் ஒதுக்கினர். சான்று கையில் இருந்தாலும் அதைப் படிக்க மனம் வேண்டுமே!

சுவீடனும் அளப்பதை நிறுத்தவில்லை. 2018இல் பள்ளி ஆய்வுத்துறை தன் நாட்டுப் பாலியற் கல்வியைச் சோதித்தது. கட்டாயமாகி அறுபது ஆண்டு கடந்தும், போதிய பயிற்சியில்லா ஆசிரியர் பலர் என்றும், பள்ளிக்குப் பள்ளி கற்பிக்கும் தரம் மாறுகிறது என்றும் எழுதி வைத்தது. 2021 முதல் ஆசிரியப் பயிற்சியிலேயே இப்பாடம் சேர்க்கப்பட்டது. 2022இல் பாடத்தின் பெயரும் மாறிற்று. 'இசைவு' என்ற சொல் அதிலே புதிதாய் ஏறியது.