உண்பதா, பருகுவதா? – பப்பிள் டீயின் வரலாறு

உணவை நால்வகையாகப் பகுத்தது நம் மரபு: உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன. சோறு உண்ணப்படும், முறுக்கு தின்னப்படும், தேன் நக்கப்படும், நீரும் மோரும் பருகப்படும். இப்பகுப்புக்குள் எளிதில் அடங்காத ஒரு பானம் கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் பரவியிருக்கிறது. பப்பிள் டீ, அதாவது குமிழித் தேநீர் என்பது அதன் பெயர். குளிர்ந்த தேநீர், பால் அல்லது பால்போன்ற ஒன்று, சர்க்கரைப் பாகு, கோப்பையின் அடியில் கறுத்த ஜவ்வரிசி உருண்டைகள், அவற்றை உறிஞ்சுவதற்கென்றே அகன்ற ஒரு குழல். பருகும்போதே மெல்லவும் வேண்டியிருக்கிறது.

இப்பானம் உடலுக்கு நல்லதா, கெட்டதா என்ற வினாவோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நாம் இங்கு அதற்கு முந்தைய வினா ஒன்றை எழுப்ப விரும்புகிறோம். இப்பொருள்கள் ஒரே கோப்பைக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தன? வந்த வழி தெரிந்தால், எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதும் ஓரளவு தெளிவாகும்.

பப்பிள் டீ பிறந்த இடம் தைவான். அத்தீவில் குடியேறிய ஃபூஜியன் மக்களின் தேநீர், சிறு கிண்ணங்களில் பாலும் சர்க்கரையும் இன்றிப் பருகப்பட்டது. 1860களில் அங்கு வந்த ஜான் டாட் என்ற ஆங்கிலேய வணிகர் உள்ளூரில் தேயிலைப் பயிரை ஊக்குவித்து, 1869இல் ‘ஃபார்மோசா ஊலாங்’ என்ற பெயரில் இரு கப்பல்களில் நியூயார்க்குக்கு அனுப்பினார். அதன்பின் தைவானின் தேயிலை ஏற்றுமதிப் பயிராயிற்று. 1895இல் தீவைக் கைப்பற்றிய ஜப்பானியர், அஸ்ஸாமிலிருந்து விதை தருவித்து, 1920களில் சன் மூன் ஏரிக்கருகே கறுப்புத் தேயிலையையும் பயிரிட்டனர். அதுவும் பிறர் பருகுவதற்காகவே வளர்க்கப்பட்டது.

சர்க்கரையின் கதை இதைவிடக் கசப்பானது. 1624 முதல் 1662 வரை தென் தைவானை ஆண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, சீனக் குடியானவர்களைக் கொண்டு கரும்பு பயிரிட்டுச் சர்க்கரையை ஜப்பானுக்கும் பாரசீகத்துக்கும் விற்றது. ஜப்பானியர் ஆட்சியில் 1900இல் தைவான் சர்க்கரைக் கம்பெனி நிறுவப்பட்டது. இன்ன பகுதியின் கரும்பு இன்ன ஆலைக்குத்தான் என வரையறுக்கப்பட்டது. விலையை ஆலையே வைத்தது. எடை போடும் தராசும் ஆலையுடையதே. கரும்பு நட்டுக் கம்பெனியின் தராசில் ஏற்றுபவனே முட்டாள்களில் முதல்வன் என்ற பொருளில் தைவான் உழவரிடையே ஒரு சொலவடை வழங்கியது. 1925இல் எர்லின் என்னும் ஊரில் கரும்பு உழவர்கள் சங்கமாகத் திரண்டு எதிர்த்தனர், அடக்கப்பட்டனர். 1950களிலும் சர்க்கரையே தைவானுக்கு முதன்மையான அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தது.

கோப்பையின் அடியில் கிடக்கும் உருண்டைகளுக்கு வருவோம். ‘ஃபென்யுவான்’ எனப்படும் மாவுருண்டைகள் தைவானின் பழைய தின்பண்டம். முன்பு வள்ளிக்கிழங்கு மாவிலும் செய்யப்பட்ட இவை, பின்னர் பெரும்பாலும் மரவள்ளி மாவுக்கு மாறின. மரவள்ளியோ தென் அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பியர் கப்பல்களில் ஆசியா வந்த பயிர். வேகவைத்த உருண்டைகளைப் பாகில் ஊறவிட்டு, பனிக்கட்டித் தூளோடு கிண்ணத்திலிட்டுக் கரண்டியால் உண்பது வழக்கம். அது சந்தைக்குப் போன நாளில் உண்ணும் சிறு இனிப்பு.

பாலுக்கு அத்தீவின் மரபு உணவில் பெரிய இடம் இருந்ததில்லை. கிழக்காசியாவில் வயதுவந்தோரில் பெரும்பாலோருக்குப் பாற்சர்க்கரை எளிதில் செரிப்பதுமில்லை. எனவே பல கடைகளில் ‘பால்’ என்ற பெயரில் கோப்பைக்குள் வந்தது பாலன்று. தாவர எண்ணெய், குளுக்கோஸ் பாகு, பாற்புரதம் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த வெண்பொடியே வந்தது.

இந்நான்கும் சந்தித்த காலம் 1980கள். தைவானில் தொழில்துறை வளர்ந்து கூலி உயர்ந்தபோது, அதன் தேயிலை உலகச் சந்தையில் விலைபோவது கடினமாயிற்று. தேயிலை வணிகம் உள்நாட்டை நோக்கித் திரும்பியது. நகரங்களில் தேநீர் இல்லங்கள் பெருகின. தைச்சுங் நகரில் பின்னர் ‘சுன் ஷுய் டாங்’ எனப் பெயர்பெற்ற கடையை நடத்திய லியு ஹான்-சியே, ஜப்பானில் காப்பியைக் குளிரவைத்துப் பரிமாறக் கண்டு, தேநீரையும் அவ்வாறே பனிக்கட்டியோடு குலுக்கி விற்றார். குலுக்கும்போது மேலே எழும் நுரைதான் பெயரில் உள்ள குமிழி. உருண்டைகளைக் குறிப்பதாகப் பலர் கருதுவது பிற்காலப் பிழை. அக்கடையின் லின் ஷியூ-ஹுய் 1980களின் பிற்பகுதியில் தம் தேநீரில் ஃபென்யுவானைக் கொட்டிப் பார்த்தார் என்பது ஒரு தரப்பு. தைனான் நகரின் ‘ஹான்லின்’ தேநீர் இல்லத்தைத் தொடங்கிய டு சோங்-ஹே, 1986இல் சந்தையில் வெள்ளை உருண்டைகளைக் கண்டு அவ்வெண்ணம் கொண்டார் என்பது மறுதரப்பு. பத்தாண்டுகள் நீண்ட வழக்கு 2019இல் முடிந்தது. காப்புரிமை பெறாத இப்பானத்தை யாரும் செய்யலாம்; முதலில் செய்தவர் யாரென்று தீர்மானிக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

முதலில் செய்தவர் யாராயினும், அவர் செய்தது சிறு செயலன்று. கரண்டியால் உண்ட ஒன்றைக் குழலால் பருகும் ஒன்றாக அது மாற்றியது. கிண்ணம் இனிப்பை உண்பவருக்குத் தாம் இனிப்பு உண்டதாக நினைவிருக்கும்; அடுத்த வேளைச் சோற்றில் கொஞ்சம் குறையும். பருகுவதற்கு அவ்வாறு கணக்கு வைப்பவர் அரிது. நீர்மமாக உள்ளே செல்லும் ஆற்றல், அதே அளவு திட உணவைப்போல் பசியை அடக்குவதில்லை என்பதே ஊட்டச்சத்து ஆய்வுகள் பலவும் காட்டுவது. வாயை மென்தாளால் ஒட்டிய பெரிய கோப்பைகளும் சங்கிலிக் கடைகளும் பெருகியபின், சந்தைநாள் இனிப்பு அலுவலக மாலையின் அன்றாடப் பானமாயிற்று. அளவு கூடியது, அடிக்கடியும் ஆயிற்று. நோய்க்கு வழிசெய்தது உருண்டையன்று, இவ்விரு மாற்றங்களே என்பது நம் கருத்து.

எண்களைப் பார்ப்போம். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, உருண்டைகள் இட்ட 16 அவுன்ஸ் பால் தேநீரில், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவில், ஏறத்தாழ 300 கலோரியும் 38 கிராம் சர்க்கரையும் இருப்பதாகக் கணக்கிட்டது. ஒன்பது தேக்கரண்டிக்கு மேற்பட்ட சர்க்கரை இது. சேர்க்கப்படும் சர்க்கரை முதலியவற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் நாளின் மொத்தத்தில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்றும், ஐந்துக்குள் இருந்தால் மேலும் நலம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. 2000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராம், 25 கிராம். ஒரே கோப்பை முதல் வரம்பில் முக்காற்பங்கை எடுத்துக்கொள்கிறது, இரண்டாவதைத் தாண்டிவிடுகிறது. மரவள்ளி உருண்டையோ ஏறக்குறைய தூய மாவுச்சத்து. உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி. புரதமும் நார்ச்சத்தும் பெயரளவுக்கே.

பானத்தைப் பெற்ற நாடே இதை உணர்ந்தது. 2011இல் பானங்களில் சேர்க்கும் கலங்கலூட்டியில் பிளாஸ்டிக் மென்மையாக்கி கலந்திருந்ததும், 2013இல் உருண்டை மாவில் அனுமதியற்ற மலெயிக் அமிலச் (maleic acid) சேர்மம் கலந்திருந்ததும் வெளிப்பட்டபோது தைவான் அதிர்ந்தது. கலப்படத்தைக் கண்டதும் எழும் சினம் இயல்பானது. கலப்படமே இல்லாத சர்க்கரையின் மீது அச்சினம் எழுவதில்லை. ஆயினும் 2015இல் அந்நாடு, சங்கிலிக் கடைகள் பானத்தில் சேர்க்கும் சர்க்கரையையும் அதன் கலோரியையும் அறிவிக்கவேண்டும் என விதித்தது. 2018 சூலை முதல் பாதியளவு ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்க்குத் தடை வந்தது. வெண்பொடியின் கொடிய கூறாகிய மாறுபக்கக் கொழுப்பின் முதன்மை ஊற்று அதனால் அடைபட்டது. சிங்கப்பூர் 2023 டிசம்பர் 30 முதல், கடையில் கலக்கும் பானங்களையும் சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றின் அளவுப்படி ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம்பிரித்து, ‘டி’ தரப் பானங்களின் விளம்பரத்தைத் தடுத்தது. பருகுவதைக் கணக்கில் கொண்டுவரும் முயற்சிகளே இவை.

தைவான் கடைகளிலேயே ஒரு நல்வழக்கமும் வளர்ந்தது. முழுச் சர்க்கரை, குறைவு, பாதி, சிறிதளவு, இல்லை என்று வாங்குபவரே அளவு சொல்லலாம். நம் தேநீர்க் கடைகளில் ‘சர்க்கரை கம்மியா’ என்று கேட்பதன் நேர்த்தியான வடிவம் அது. தேர்வு அங்கிருந்தே தொடங்கலாம். முழுச் சர்க்கரைக்குப் பழகிய நா ஒரே நாளில் மாறாது. பாதிக்கு இறங்கி, சில வாரம் கழித்து மேலும் இறங்குவது நடைமுறைக்கு உகந்தது. எனினும் ‘சர்க்கரை இல்லை’ என்றாலும் உருண்டைகள் ஊறிய பாகு கோப்பைக்குள் வந்துவிடும். ஆகவே அவற்றைப் பாதியாகக் கேட்பதும், சில நாள் விடுவதும் நன்று. வெண்பொடியைவிட, ஒத்துக்கொள்பவருக்கு, உண்மைப் பால் மேல். 2010களின் இறுதியில் புகழ்பெற்ற பழுப்புச் சர்க்கரைப் பாலில் பெரும்பாலும் தேயிலையே இல்லை. நிறம் பழுப்பானதால் சர்க்கரை மருந்தாகிவிடாது. வெல்லத்தையும் நாட்டுச் சர்க்கரையையும் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைக்கும் இது பொருந்தும்.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அயல்கதையன்று. சேலம் வட்டாரத்து ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசியும் தைவானின் உருண்டையும் ஒரே மாவின் இரு வடிவங்கள். ஜவ்வரிசிப் பாயசத்திலும் சர்க்கரை குறைவில்லை. ஆனால் அது விருந்தின் இறுதியில், சிறு கிண்ண அளவில், பண்டிகை நாளில் வந்தது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு என 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டிருக்கும் நிலையில், பாயசத்தை அரை லிட்டராக்கி, நாள்தோறும் குழலிட்டு உறிஞ்சும் பழக்கத்தை நாம் எளிதாக எடுத்துக்கொள்ள இயலாது.

பப்பிள் டீயை வெறுக்க வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சில முறை விரும்பி அருந்துவதால் யாருக்கும் கேடில்லை. அதைப் பருகுவனவற்றின் பட்டியலிலிருந்து எடுத்து, உண்பனவற்றின் பட்டியலில் வைத்தால் போதும். அன்றாடத் தாகத்துக்கு நீரும் மோரும் இருக்கின்றன. நால்வர் கூடிய அந்தக் கோப்பையில் முதலில் வந்து அமர்ந்த, சர்க்கரை சேராத வெறுந்தேநீரும் இருக்கிறது.