அடுப்புக்கு முன் புகைபோக்கி



2022இல் எரிவாயுக் கட்டணம் ஏறிய பிறகு, "சின்ன வீடுதான், வரவேற்பறையில் ஒரு விறகு அடுப்பு வைக்கலாமா?" என்று நேயர்கள் பலர் கேட்கிறார்கள். ஒருவர் விலைப்பட்டியலையே கொண்டுவந்தார். அடுப்பின் விலைக்குக் கிட்டவாக, புகைபோக்கிக்குள் இறக்கும் உருக்குக் குழாய்க்கும் கூலிக்கும் போட்டிருந்தது. "அண்ணை, பழைய செங்கல் புகைபோக்கி இருக்குத்தானே, இந்த வரியை வெட்டினால் என்ன?" என்றார். கணக்காளன் வெட்டச் சொல்வான் என்று நினைத்தார்போலும். நான் ஒரு பழைய கதையைச் சொன்னேன்.

1662இல், இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் காலத்தில், இங்கிலாந்தில் அடுப்பு வரி வந்தது. ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு 2 சிலிங், இரண்டு தவணையில். ஏழைகளுக்கு விலக்கு இருந்தது. அடுப்புகளை எண்ண அதிகாரிகள் வீட்டுக்குள்ளேயே வந்தார்கள். சனங்களுக்கு அது பிடிக்கவில்லை. சிலர் அடுப்பையே கல் வைத்து அடைத்தார்கள்.

1684இல் ஒக்ஸ்போட்ஷயரில் சேர்ச்சில் என்ற கிராமம் தீப்பிடித்தது. பாண் சுடும் பெண் ஒருவர், வரிக்குப் பயந்து சுவரை உடைத்து, தன் போறணையை அயல்வீட்டுப் புகைபோக்கியுடன் இணைத்ததுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. 4 பேர் இறந்தார்கள்; 20 வீடுகள் அழிந்தன. 1689இல் அந்த வரியே நீக்கப்பட்டது. மிச்சம் பிடிக்கப் பார்த்தது சில சிலிங்தான்.

அடுத்த பாடம் லண்டனில். 1952 டிசம்பர் 5ஆம் திகதி தொடங்கி ஐந்து நாட்கள் நிலக்கரிப் புகை நகரை மூடியது. இறந்தோர் 4,000 என்று அப்போது கணித்தார்கள். பிந்திய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதன் வழிவந்த புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் விறகு எரிக்க, அனுமதி பெற்ற அடுப்பு வேண்டும். உங்கள் வீதி அதற்குள் வருமா என்று நகரசபையிடம் முதலில் கேளுங்கள்.

ஊரிலே குசினி தள்ளி இருந்தது. புகை ஓட்டு இடுக்கால் போய்விடும். இங்கே வரிசை வீடுகளில் புகைபோக்கி நிற்பது அயலவருடன் பங்குபோடும் சுவரில். பழைய செங்கற்களுக்கிடையே சாந்து உதிர்ந்திருந்தால், நிறமோ மணமோ இல்லாத கார்பன் மொனொக்சைட் அவர்கள் படுக்கும் அறைக்கும் போகலாம். உருக்குக் குழாய் அதற்காகத்தான்.

அடுப்பின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அறையின் நீள, அகல, உயரத்தை மீற்றரில் பெருக்கி 14ஆல் பிரியுங்கள். 4 மீற்றர் நீள அகலமும் 2.4 மீற்றர் உயரமும் உள்ள அறைக்கு 3 கிலோவாற்றுக்கும் குறைவே போதும். பெரிய அடுப்பை வாங்கினால் சூடு தாங்காமல் காற்றை அடைப்பீர்கள். விறகு குமைந்து, புகை தாராகப் புகைபோக்கியில் படியும். ஒருநாள் அதுவே பற்றும். ஈரம் 20 வீதத்துக்கு மேற்படாத விறகு, ஆண்டுக்கொருமுறை துப்புரவு, கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி, இவற்றையும் செலவில் சேருங்கள்.

நேயர் பட்டியலைத் திரும்பப் பார்த்தார். 8 கிலோவாற் அடுப்பை வெட்டிச் சிறியதை எழுதினார். குழாய்க்கான வரி அப்படியே இருந்தது.