வழுவும் வழக்கும்

1960களின் தொடக்கத்தில் ஈழத்துத் தமிழிலக்கிய உலகில் மூண்ட மரபுப் போராட்டம் நம்மால் மறத்தற்கரியது. முற்போக்கு எழுத்தாளர் உழைக்கும் மக்களின் பேச்சைச் சிறுகதையிலும் நாவலிலும் கையாண்டபோது, பண்டிதர் சிலர் அதனை 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கினர். கைலாசபதியும் சிவத்தம்பியும் எழுத்தாளர் பக்கம் நின்று வாதிட்டனர். அப்போராட்டம் எழுப்பிய வினா இன்றும் நம்முன் நிற்கின்றது. ஒரு சொல்லாட்சியைப் பிழையென்று கூறும் தீர்ப்பு, கூறுவோரின் விருப்பு வெறுப்பைச் சாராது அமைதல் கூடுமா?

வழக்கென்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்பது தொல்காப்பிய மரபியலின் கருத்து. உயர்ந்தோர் எவரெனத் தீர்மானிக்கும் அதிகாரம் எவர் கையில் இருந்ததோ, வழு எதுவெனத் தீர்மானிக்கும் அதிகாரமும் அவர் கையிலேயே இருந்தது. ஆயினும் நம் இலக்கண மரபு முழுவதும் இறுக்கமானதன்று. 'சோழநாடு' மருவிச் 'சோணாடு' ஆனதைச் சிதைவென்று தள்ளாது, மரூஉ எனப் பெயரிட்டு இயல்பு வழக்கினுள் அடக்கியது அம்மரபு. பழையன மறைவதும் புதியன தோன்றுவதும் குற்றமல்ல என நன்னூலும் ஏற்றது. நேற்றைய சிதைவே இன்றைய செம்மை என்பதற்கு இலக்கண நூல்களே சான்று.

அங்ஙனமாயின் பிழை என்பதே இல்லையோ எனின், உண்டு. யாழ்ப்பாணத்தார் மனிதரைக் குறித்து 'அவை வருகினம்' என்பர். 'அவை' அஃறிணைப் பன்மையென நூல் கூறுதலின், நூல்வழி நோக்குவார்க்கு இது திணை வழு. ஆனால், மாட்டைக் குறித்து 'வருகுது' என்னும் அதே வாய், மதிப்புக்குரிய மனிதரைக் குறித்து 'அவை வருகுது' என்று சொல்லாது. சொன்னால், எழுத்தறியாக் கிழவியும் உடனே திருத்துவாள். ஆகவே, பேச்சுமொழிக்கும் விதியுண்டு. அவ்விதியை மீறுதல் பிழையே. அப்பிழையை அம்மொழி பேசுவோரிடம் கேட்டு எவரும் சரிபார்க்கலாம். புறநிலைத் தீர்ப்பு என நாம் கூறுவது இதனையே.

இனி, 'அவை வருகினம்' என்பது தோட்டக்காரன் குடிலில் மட்டுமன்றிப் பண்டிதர் இல்லத்திலும் ஒலித்த பேச்சே. ஒரே வடிவம் ஒருவர் வாயில் இயல்பாகவும் மற்றவர் வாயில் இழிவாகவும் தோன்றுமாயின், அங்கே தீர்ப்புக்கு உள்ளானது மொழியன்று, மனிதன். 'இழிசனர்' என்ற சொல்லே அதனைக் காட்டிக்கொடுக்கின்றது. அது பேச்சை அளக்கும் அளவுகோலன்று, பேசுவோன் பிறப்பை அளக்கும் அளவுகோல்.

பண்டிதர் தரப்பில் நியாயமே இல்லையென்று நாம் கூறோம். யாழ்ப்பாணத்து வட்டாரச் சொல் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் விளங்குமா என்ற கேள்வி தகுதியானது. அதற்கு விடை வாசகரிடம் பெறத்தக்கது. அதே உரைகல்லில் முற்போக்கு எழுத்தாளரையும் உரைத்தல் வேண்டும். கடற்றொழிலாளியின் வாயில் அவன் ஒருபோதும் பேசாத பேச்சைத் திணிப்பவன், எத்துணை நல்லெண்ணம் கொண்டவனாயினும், மொழியைப் பிழைபடவே கையாள்கின்றான்.

ஆசிரியராகிய நாம் மாணவன் கட்டுரையில் சிவப்பு மையால் கோடிடுமுன், அவன் மீறியது எந்த விதியை என நம்மையே வினவுதல் தகும். கட்டுரை நடைக்குரிய விதியாயின் அதனை விளக்கிக் கற்பிப்போம். அது நம் கடமை. விதியொன்றும் காட்ட இயலாது, அவன் வீட்டுப் பேச்சென்பதனால் மட்டுமே கோடிடுவோமாயின், அக்கோடு மொழியைத் திருத்தாது. அவன் தாயைத்தான் இழிவுபடுத்தும்.