இருசக்கர வாகன ஓட்டுநர் தேர்வு: வரலாறும் மசினகுடி மலைப்பாதையும்

இருசக்கர வாகனம் ஓட்ட உரிமம் பெற விரும்புவோர் இந்தியாவில் இரண்டு தேர்வுகளில் வெற்றி பெற வேண்டும். முதலாவது, சாலை விதிகளையும் குறியீடுகளையும் பற்றிய எழுத்தறிவுத் தேர்வு. இரண்டாவது, வாகனத்தை ஓட்டிக் காட்டும் செய்முறைத் தேர்வு. நீலகிரி மாவட்டத்தின் வடக்கு அடிவாரத்தில் முதுமலைக் காட்டை ஒட்டி அமைந்த மசினகுடி மக்களும் இவற்றையே எழுதுகின்றனர். இதற்காக உதகைக்கோ கூடலூருக்கோ செல்கின்றனர். தேர்வு நடப்பது பெரும்பாலும் சமதளத்தில். ஆனால் உரிமம் பெற்றவர் வீடு திரும்பும் வழி மலைப்பாதை. இந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று என்பதைத் தேர்வின் வரலாற்றிலிருந்தே அறியலாம்.

தோற்றம்

வாகனம் ஓட்டத் தேர்வு தேவை என்ற எண்ணம் பிரான்சில் தொடங்கியது. 1893-இல் பாரிஸ் நகரக் காவல்துறை, மோட்டார் வண்டி ஓட்டுவோர் தம் திறனைக் காட்டிச் சான்று பெற வேண்டும் என ஆணையிட்டது. இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது; ஆனால் தேர்வு எதுவும் இல்லை. கட்டணம் செலுத்தியவருக்கு உரிமம் கிடைத்தது. சாலை விபத்துகளில் உயிரிழப்பு பெருகிய பின்னரே, 1935 சூன் மாதம் அங்கு தேர்வு கட்டாயமாயிற்று. அதாவது, முதலில் உரிமம் என்பது ஓட்டுபவர் யார் என்று அடையாளம் காட்டும் சீட்டாக மட்டுமே இருந்தது. அவருக்கு ஓட்டத் தெரியுமா என்ற கேள்வி பின்னரே எழுந்தது.

இந்தியாவிலும் வரிசை இதுவே. 1914-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிம முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பதிலாக வந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டும் திறனுக்கான தேர்வைச் சட்டத்தின் பகுதியாகவே ஆக்கியது. அதைச் செயல்படுத்தச் சென்னை மாகாணத்தில் 1940-இல் மோட்டார் வாகன விதிகள் வகுக்கப்பட்டன. தேர்வு நடத்தும் மோட்டார் வாகன ஆய்வாளரை மக்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று அழைத்தனர். இன்றும் ஊர்ப்பேச்சில் அப்பெயர் வழங்குகிறது.

இருசக்கர வாகனங்களின் பெருக்கம்

அக்காலத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோர் மிகச் சிலர். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, புல்லட் வண்டிகள் இங்கேயே உருவாயின. 1961 முதல் மைசூரில் ஜாவா வண்டிகள் தயாராயின. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட், விலை குறைவாக இருந்ததால் சிறு வியாபாரிகளையும் விவசாயிகளையும் ஆசிரியர்களையும் இருசக்கர வாகனத்தில் ஏற்றியது. 1984-85இல் ஜப்பானியக் கூட்டுறவில் 100 சி.சி. வண்டிகள் வந்தபின் மோட்டார் சைக்கிள் நடுத்தரக் குடும்பத்தின் வாகனமாயிற்று.

இந்த மாற்றத்தின் தடம் சட்டத்திலும் உண்டு. 1989 சூலை முதல் நடைமுறைக்கு வந்த 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், கியர் உள்ள வண்டி, கியர் இல்லாத வண்டி எனப் பிரித்தது. 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு 16 வயதும், மற்றவற்றுக்கு 18 வயதும் வேண்டும் என்கிறது. கியர் வண்டியில் தேர்ச்சி பெற்றவர், கியர் இல்லாத வண்டிக்கும் தேர்ச்சி பெற்றவராகவே கருதப்படுவார். கியர் இல்லாத வண்டியில் மட்டும் தேர்ச்சி பெற்றவருக்குக் கியர் வண்டி ஓட்ட உரிமை இல்லை.

எழுத்தறிவுத் தேர்வு

பழகுநர் உரிமத்தைத் தமிழ்நாட்டில் எல்லோரும் எல்.எல்.ஆர். என்றே சொல்கின்றனர். அதற்கான முதல்நிலைத் தேர்வின் பாடங்களை 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 11-ஆம் விதி நான்காக வகுத்தது:

1. சாலைக் குறியீடுகள், சைகைகள், சாலை விதிகள்.
2. விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டிய கடமைகள்.
3. ஆளில்லா ரயில் கடவைக் கடக்கும்போது எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை.
4. வண்டியில் உடன் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்.

குறைந்தது 60 விழுக்காடு வினாக்களுக்குச் சரியான விடை அளிக்க வேண்டும். இப்பட்டியல் சமவெளியை நினைத்து எழுதப்பட்டது என்பது வெளிப்படை. ரயிலே இல்லாத மசினகுடி இளைஞரும் ரயில் கடவைப் பற்றிப் படிக்கிறார். அவர் அன்றாடம் கடக்கும் யானை வழித்தடத்துக்குத் தனி இடம் இல்லை. ஆயினும் முதல் பாடம் அவருக்கு மிகவும் பயன்படும். முக்கோண வடிவிலான எச்சரிக்கைக் குறியீடுகளில் கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான ஏற்றம், செங்குத்தான இறக்கம், பாறை விழும் இடம், வழுக்கும் சாலை ஆகிய அனைத்தும் உள்ளன.

எட்டும் மலையும்

பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அது பெற்று 30 நாட்கள் கழிந்தபின் செய்முறைத் தேர்வுக்குச் செல்லலாம். தமிழ்நாட்டில் இத்தேர்வு என்றாலே 'எட்டு போடுதல்'தான். மைதானத்தில் வரைந்த எட்டு வடிவத்தில் காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியைச் செலுத்த வேண்டும். இது வெறும் சடங்கன்று. மெதுவான வேகத்தில் சமநிலை, கிளட்சையும் முறுக்கியையும் இணைத்துக் கையாளுதல், திரும்பும் பக்கம் பார்வையைச் செலுத்துதல் ஆகிய மூன்றையும் அது ஒருசேரச் சோதிக்கிறது.

ஆனால் மத்திய விதிகளில் 15-ஆம் விதியின் திறன் பட்டியலில் எட்டு என்ற சொல் இல்லை. அப்பட்டியல் மிக நீளமானது. அதில் இரண்டு திறன்கள் மலைநாட்டாருக்கென்றே எழுதியவை போல உள்ளன. ஒன்று, இறக்கத்தில் செல்லும்போது விரைவாகக் கீழ் கியருக்கு மாற்றுதல். மற்றொன்று, செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னோக்கி உருளவிடாமல் மீண்டும் கிளப்புதல். சமதள மைதானத்தில் இவ்விரண்டையும் சோதிக்க இயலாது. சட்டம் மலையை மறக்கவில்லை. மைதானத்தில்தான் அது விடுபட்டுப்போனது.

கல்லட்டிப் பாதை

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்க வேண்டும். இவ்வளவு இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். கீழ் கியரில் வந்தால் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக் வளைவுகளுக்கென்று மிஞ்சியிருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று சிலர் கருதுவர். அப்படிச் செய்பவர் கையிலிருக்கும் முதன்மையான பாதுகாப்பை இழக்கிறார்.

2018 அக்டோபரில் இப்பாதையில் சென்னைச் சுற்றுலாப் பயணிகளின் கார் பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்கள் பலியாயின. அதன்பின் வெளிமாவட்ட வாகனங்கள் இவ்வழியே இறங்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. உள்ளூர் வாகனங்களுக்கு அனுமதி உண்டு. இந்த அனுமதி, உள்ளூர்க்காரருக்கு மலையில் ஓட்டத் தெரியும் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. நேற்று எட்டு போட்டு உரிமம் பெற்ற பதினெட்டு வயதினரும் உள்ளூர்க்காரரே. அவருக்கு அத்திறனைச் சொல்லித் தரும் பொறுப்பு குடும்பத்தையும் ஊரையும் சேர்ந்தது.

ஆயத்தம்

எனவே, மலைப்பகுதி மாணவர்கள் 30 நாள் பழகு காலத்தைக் காத்திருக்கும் காலமாகக் கருதாமல் பயிற்சிக் காலமாகக் கொள்ள வேண்டும். அனுபவமுள்ள, உரிமம் பெற்ற ஒருவர் துணையோடு, போக்குவரத்துக் குறைந்த சிறு ஏற்றத்தில் முதலில் பழகலாம். வலது காலால் பின் பிரேக்கை அழுத்தி, இடது காலை ஊன்றி நிற்க வேண்டும். கிளட்சை மெல்ல விட, வண்டி முன்னோக்கி இழுக்கத் தொடங்கியதும் பிரேக்கை விடலாம். குறுகிய மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும் என்ற விதியையும் மனத்தில் இருத்த வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் என்பதே அதன் காரணம். தலைக்கவசம் தேர்வு நாளுக்கு மட்டும் உரியதன்று.

தேர்வில் தவறினால் ஏழு நாட்களுக்குப் பின் மீண்டும் வரலாம். மூன்று முறை தவறியவர் 60 நாட்கள் காத்திருக்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மைதானத்தில் காலை ஊன்றிவிட்டால் மறு வாய்ப்பு உண்டு. கல்லட்டி வளைவில் அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.